குதிரை வளர்த்த குடும்பங்கள்



குதிரை என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் யார்? செஞ்சிக்கோட்டைத் தேசிங்கு ராஜன் வருவான். தோட்டத்துக் கோயில்களில் குதிரைமேல் வீற்றிருக்கும் மதுரை வீரன் வருவார். வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்தால் உலகை நடுங்க வைத்த ஜெங்கிஸ்கான் வருவான். குதிரையின் முதுகில் இருப்பவரை எல்லாருக்கும் தெரிகிறது. ஆனால், அந்தக் குதிரை குட்டியாகப் பிறந்த இரவில் விழித்திருந்தவர் யார்? அது நோயுற்றபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யார்? முதன்முதலாக அதன் கழுத்தில் கயிறு போட்டுப் பழக்கியவர் யார்? இவர்களைப் பற்றி வரலாறு அதிகம் பேசுவதில்லை. இவர்களைப் பற்றித்தான் நாம் இன்று பேசப் போகிறோம்.

முதலில் குதிரையின் பிறப்பைப் பார்ப்போம். பசு ஒன்பது மாதம் சுமக்கும். பெட்டைக் குதிரையோ ஏறத்தாழ பதினொரு மாதம் சுமக்கும். பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். அதையும் இரவு நேரத்தில், ஆள் அரவம் அடங்கிய பிறகுதான் போடும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குட்டி தன் நீண்ட கால்களை ஊன்றித் தட்டுத் தடுமாறி எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் தாயின் மடியைத் தேடிப் பால் குடிக்க வேண்டும். நோயை எதிர்க்கும் சக்தி அந்த முதல் சீம்பாலில்தான் இருக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது அந்தச் சக்தி குட்டிக்குக் கிடைப்பதில்லை. ஒரு நாள் கழிந்துவிட்டால், எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் குட்டியின் குடல் அந்தச் சக்தியை ஏற்காது. ஆகவே, எழ முடியாத குட்டியைத் தாங்கிப் பிடித்து மடியில் சேர்ப்பதற்கு அந்த இரவில் ஒரு மனிதர் விழித்திருந்தால், ஓர் உயிர் பிழைக்கும். கன்று போட்ட பசுவுக்குப் பக்கத்தில் அரிக்கன் விளக்கோடு விடிய விடியக் காத்திருந்தவர்கள் நம் தோட்டங்களில் எத்தனையோ பேர். அவர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது? மத்திய ஆசியாவில் இன்று கஸக்ஸ்தான் என்று அழைக்கப்படும் நாட்டின் வடபகுதியில் போத்தாய் என்னும் பழைய குடியிருப்பை ஆராய்ச்சியாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். அங்கே சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்களின் உடைந்த மண்பானைகள் கிடைத்தன. அந்தப் பானை ஓடுகளில் குதிரைப்பாலின் கொழுப்பு ஊறியிருந்ததாக 2009ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி அறிவித்தது. ஆனால், இன்று உலகெங்கும் உள்ள வளர்ப்புக் குதிரைகள் அந்தப் போத்தாய்க் குதிரைகளின் வழிவந்தவை அல்ல. ரஷ்யாவின் வோல்கா, டான் ஆறுகளை ஒட்டிய புல்வெளிகளிலிருந்து சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பரவத் தொடங்கியவை அவை. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்து 2021ஆம் ஆண்டில் இதைக் கண்டறிந்தார்கள். எப்படியாயினும், குதிரையை மனிதனோடு சேர்த்து வைத்தது புல்வெளிக் குடும்பங்களின் அன்றாட உழைப்புத்தான்.

அந்த உழைப்பு எப்படிப்பட்டது என்பதை இன்றும் பார்க்கலாம். அதற்கு நாம் மங்கோலியாவுக்குப் போக வேண்டும். சீனாவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் இருக்கும் நாடு அது. மழை குறைவு, மரம் குறைவு; கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி. குளிர்காலத்தில் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை வரை குளிர் இறங்கும். அந்நாட்டு மேய்ச்சல்காரர்கள் குதிரை, மாடு, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு ஆகிய ஐந்து வகைக் கால்நடைகளை வளர்க்கிறார்கள். ஆட்டு உரோமத்தை அழுத்திச் செய்த கனத்த கம்பளங்களால் மூடிய வட்டமான கூடாரத்தில் குடும்பத்தோடு வசிக்கிறார்கள். புல் தீர்ந்தால் கூடாரத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள்.

அவர்களுடைய குதிரைகளுக்கு லாயம் கிடையாது. ஓர் ஆண் குதிரை, அதைச் சுற்றிப் பல பெட்டைக் குதிரைகள், அவற்றின் குட்டிகள் என்று கூட்டமாக வெளியில் திரியும். பனிக்காலத்தில் குளம்பினால் பனியைத் தோண்டி அடியில் இருக்கும் காய்ந்த புல்லைத் தின்னும். ஓநாய் வந்தால் ஆண் குதிரை எதிர்த்து நிற்கும். இப்படித் திரியும் குதிரையைக் காட்டுக் குதிரை என்று நினைத்துவிடக் கூடாது. எந்தக் குதிரை எந்தத் தாய்க்குப் பிறந்தது, எது சினையாக இருக்கிறது, எது நொண்டுகிறது என்பதெல்லாம் அந்த வீட்டாருக்கு அத்துப்படி. குதிரையின் நிறத்தையும் புள்ளியையும் குறிக்க அவர்கள் மொழியில் நூற்றுக்கணக்கான சொற்கள் உண்டு. பெரும்பாலும் அந்த நிறச் சொல்தான் குதிரையின் அடையாளம்.

வசந்த காலத்தில் குட்டிகள் பிறக்கின்றன. கோடை வந்ததும் பால் கறக்கும் பருவம் தொடங்குகிறது. கூடாரத்துக்கு அருகே இரண்டு முளைகளை அடித்து, அவற்றுக்கிடையே நீளமான கயிறு ஒன்றை இழுத்துக் கட்டுகிறார்கள். காலையில் குட்டிகளைப் பிடித்து வந்து அந்தக் கயிற்றில் வரிசையாகக் கட்டிவிடுகிறார்கள். குட்டியை விட்டுத் தாய் போகாது. பக்கத்திலேயே மேய்ந்துகொண்டு நிற்கும். பால் கறக்கும் நேரம் வந்ததும், சிறுவன் ஒருவன் குட்டியை அவிழ்த்துத் தாயிடம் விடுகிறான். குட்டி முட்டிக் குடிக்க, மடி சுரக்கிறது. உடனே குட்டியைச் சற்று இழுத்துத் தாயின் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்ள, வீட்டுப் பெண் ஒரு காலை மண்டியிட்டுப் பால் கறக்கிறாள்.

நேயர்களே, இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதா? கன்றை விட்டுச் சுரக்கச் செய்து, பிறகு பால் கறப்பது நம் பாட்டிமார்களின் வழக்கம் அல்லவா? ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், பனிக்காற்று வீசும் நாட்டில், வேறு விலங்கை வளர்க்கும் மக்களும் அதே முறையைக் கைக்கொள்கிறார்கள். தாய்க்குக் குட்டியின்மேல் உள்ள பாசத்தைப் புரிந்துகொண்டவர்கள் எங்கே இருந்தாலும் இந்த வழியைத்தான் கண்டுபிடிப்பார்கள் போலும்.

ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. பசுவைக் காலையும் மாலையும் கறந்தால் போதும். குதிரையின் மடி சிறியது. ஒரு தடவைக்குக் கொஞ்சம்தான் சுரக்கும். ஆகவே, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று பகல் முழுவதும் கறக்க வேண்டும். மாலையில் குட்டிகளை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். இரவெல்லாம் குட்டிகள் தாயோடு மேய்ந்து, வேண்டிய மட்டும் குடிக்கும். பகல் மனிதனுக்கு, இரவு குட்டிக்கு. இந்தப் பங்கீட்டில் பேராசை வைத்தால் குட்டி மெலிந்து போகும். மெலிந்த குட்டி அடுத்த குளிர்காலத்தைத் தாண்டாது.

கறந்த பாலை மாட்டுத்தோலால் செய்த பெரிய பையில் ஊற்றி, ஒரு மரக் கோலால் கடைந்து புளிக்க வைக்கிறார்கள். அதற்கு 'ஐராக்' என்று பெயர். குதிரைப்பாலைப் பச்சையாகக் குடித்தால் வயிற்றுப்போக்கு உண்டாகும். புளித்த பிறகு குடித்தால் ஒத்துக்கொள்ளும். அந்தத் தோற்பை கதவுக்குப் பக்கத்தில் தொங்கும். உள்ளே வருபவர், வெளியே போகிறவர் எல்லாரும் நாலு தடவை கடைந்துவிட்டுப் போவார்கள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை கடைய வேண்டும் என்பதால் எல்லாருடைய கையும் தேவைப்படுகிறது. ஐராக் தயாரிக்கும் இந்த மரபை 2019ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

இந்த வாழ்க்கை இன்பமயமானது என்று நினைக்க வேண்டாம். சில ஆண்டுகளில் கோடை வறண்டு, பிறகு குளிர் கடுமையாகிப் புல் பனிக்கட்டிக்கு அடியில் புதைந்துவிடும். அதற்கு 'ஜூட்' என்று பெயர். 2009-2010 குளிர்காலத்தில் வந்த ஜூட்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. மந்தையை இழந்த எத்தனையோ குடும்பங்கள் பிழைப்புத் தேடித் தலைநகரான உலான் பத்தோரின் ஓரங்களில் குடியேறின. இன்னொரு துன்பமும் உண்டு. ஜூலை மாதத்தில் நடக்கும் நாதம் திருவிழாவின் நெடுந்தூரக் குதிரைப் பந்தயங்களில் சவாரி செய்பவர்கள் சிறுவர் சிறுமியர். குழந்தைகள் விழுந்து காயமடைவதும் சில வேளைகளில் உயிரிழப்பதும் அந்நாட்டவரே கவலையோடு பேசும் செய்தியாகும்.

இனி, வரலாற்றுக்கு வருவோம். 1253ஆம் ஆண்டில் ரூப்ரக் ஊரைச் சேர்ந்த வில்லியம் என்னும் பாதிரியார் ஐரோப்பாவிலிருந்து மங்கோலியருடைய நாட்டுக்குப் பயணம் புறப்பட்டார். இரண்டு முளைகள், நடுவே நீண்ட கயிறு, வரிசையாகக் கட்டிய குட்டிகள், குட்டியை விட்டுச் சுரக்க வைத்துக் கறக்கும் முறை ஆகிய அனைத்தையும் அவர் நேரில் பார்த்து எழுதி வைத்தார். ஒரே வேறுபாடு, அவர் காலத்தில் குதிரைப் பால் கறப்பது ஆண்களின் வேலையாக இருந்தது. 770 ஆண்டுகள் கழிந்தும் அந்த முறை மாறவில்லை. அரசுகள் தோன்றி மறைந்தன. அந்தக் கயிறு மட்டும் அறுபடவில்லை.

1206ஆம் ஆண்டில் ஜெங்கிஸ்கான் பேரரசனானான். அவனும் அவன் வழிவந்தோரும் சீனாவிலிருந்து ஐரோப்பாவின் வாசல் வரை வென்றார்கள். ஒவ்வொரு வீரனும் ஒரு குதிரை களைத்தால் ஏறிக்கொள்ள வேறு சில குதிரைகளையும் கூட்டிச் சென்றான் என்பது அந்த வெற்றிக்குக் கூறப்படும் காரணங்களில் ஒன்று. அப்படியென்றால், அத்தனை குதிரைகளும் எங்கிருந்து வந்தன? எந்த அரசாங்கத் தொழிற்சாலையும் அவற்றைச் செய்து கொடுக்கவில்லை. ஆயிரமாயிரம் கூடாரங்களின் வாசலில், ஆயிரமாயிரம் குடும்பங்கள் குட்டி குட்டியாக வளர்த்துக் கொடுத்தவை அவை.

இப்போது, அதே காலத்தில் நம் முன்னோர்களின் நாடு எப்படி இருந்தது என்று பார்ப்போம். இரண்டையும் ஒரே மனிதர் கண்டிருக்கிறார். அவர்தான் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ. மங்கோலியப் பேரரசன் குப்ளாய்கானிடம் அவர் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் இருந்தார். பேரரசனுக்குப் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளைக் குதிரைகள் உண்டு என்றும், அவற்றின் பாலை அரச குடும்பம் அருந்தியது என்றும் எழுதியிருக்கிறார். பிறகு ஊருக்குத் திரும்பும் வழியில், நம் மலாக்கா நீரிணையைக் கடந்து, சுமத்திராவில் ஐந்து மாதம் தங்கி, 1292ஆம் ஆண்டை ஒட்டிப் பாண்டிய நாட்டை அடைந்தார்.

அங்கே அவர் கண்ட காட்சி வேறு. தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே காயல் என்னும் துறைமுகம் இருந்தது. ஹொர்முஸ், கீஷ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து மரக்கலங்கள் குதிரைகளை ஏற்றிக்கொண்டு அங்கே வந்தன. பாண்டிய மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேல் வாங்கினான். அவனுடைய சகோதரர்களும் அவ்வாறே வாங்கினார்கள். ஆனால், ஆண்டு முடிவில் அவற்றில் நூறு கூட உயிரோடு எஞ்சுவதில்லை என்று மார்க்கோ போலோ எழுதுகிறார். நாட்டின் செல்வத்தில் பெரும்பகுதி இப்படிக் குதிரைக்கே போய்விடுகிறது என்றும் சொல்கிறார்.

வஸ்ஸாப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியரும் இதையே வேறு விதமாகக் கூறுகிறார். கீஷ் தீவின் தலைவர் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்புவதாக ஒப்பந்தம்; ஒரு குதிரைக்கு 220 பொற்காசு விலை. வழியில் கடலில் குதிரை செத்தாலும் பாண்டியன் கருவூலத்திலிருந்து விலை கொடுத்தாக வேண்டும்! அயல்நாட்டாரின் கணக்கில் மிகை இருக்கலாம். ஆனால், குதிரை கடல் வழியாக வந்தது என்பதற்கு நம் இலக்கியமே சான்று. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல் கடந்து வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. குதிரைச் செட்டிகள் என்ற வணிகரைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. இவை எல்லாவற்றையும்விட நமக்கு நன்கு தெரிந்தது மாணிக்கவாசகர் வரலாறு. பாண்டியன் அமைச்சரிடம் பொன்னைக் கொடுத்து எதை வாங்கி வரச் சொன்னான்? குதிரையைத்தான். நரி பரியானதும் பரி மீண்டும் நரியானதும் இறைவன் திருவிளையாடல். ஆனால், குதிரை வேண்டும் என்றால் பொன்னோடு கடற்கரைக்குப் போக வேண்டும் என்பது அன்றைய நாட்டு நடப்பு.

ஏன் இந்த நிலை? பாண்டிய நாட்டில் யானையைப் பழக்கியவர்கள் இருந்தார்கள். காளையை வளர்த்தவர்கள் இருந்தார்கள். குதிரை மட்டும் ஏன் நிலைக்கவில்லை? மார்க்கோ போலோ கூறும் காரணங்கள் இவை. குதிரைக்குச் சோற்றையும் இறைச்சியையும் சமைத்துக் கொடுத்தார்கள். நல்ல ஆண் குதிரையையும் நல்ல பெட்டையையும் சேர்த்தாலும் கால் கோணிய சிறு குட்டிதான் பிறந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, குதிரை வைத்தியமும் பராமரிப்பும் அறிந்தவர்கள் இல்லை. குதிரை விற்ற வணிகர்கள் அப்படிப்பட்ட ஆட்களைக் கூட்டி வருவதில்லை; வர விடுவதுமில்லை. குதிரை சாகச் சாகத்தானே அவர்களுக்கு வியாபாரம்! வஸ்ஸாப் சொல்வது: வறுத்த வாற்கோதுமையையும் நெய் சேர்த்த தானியத்தையும் கொடுத்து, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைத்து, நாற்பது நாள் அசையாமல் கட்டிப் போட்டுக் கொழுக்க வைத்தார்கள். பிறகு, பழக்காமலேயே ஏறி விரட்டினார்கள்.

இன்றைய கால்நடை மருத்துவம் இதற்கு விளக்கம் தருகிறது. குதிரை, மாட்டைப் போல அசைபோடும் பிராணி அல்ல. அதன் இரைப்பை சிறியது. நாளெல்லாம் நடந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லை மேய்வதற்கென்று அமைந்த உடம்பு அது. ஒத்துக்கொள்ளாததைத் தின்றுவிட்டால் அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. தானியமும் சோறும் அளவுக்கு மீறினால் வயிற்றுச் சூலை வரும். குளம்பின் உள்ளே வீக்கம் கண்டு நிற்க முடியாமல் போகும். அசையாமல் கட்டிப் போட்டால் கேடு இன்னும் அதிகம். வெப்பமும் ஈரமும் மிகுந்த தட்பவெப்ப நிலையும், பரந்த மேய்ச்சல் நிலம் இல்லாமையும் சேர்ந்துகொண்டன.

பாண்டியன் கொடுமைக்காரனாக இருந்ததால் குதிரைகள் சாகவில்லை. சொல்லப் போனால், அவன் அளவுக்கு மீறிச் சீராட்டினான்! மனிதனுக்கு உயர்ந்த உணவாகிய நெய்யையும் பாலையும் இறைச்சியையும் குதிரைக்குக் கொடுத்தான். அன்பும் இருந்தது, பொன்னும் இருந்தது, இல்லாதது ஒன்றுதான். தலைமுறை தலைமுறையாகக் குட்டியோடு குட்டியாக வளர்ந்த குடும்பத்தின் அறிவு இல்லை. பாலைவனத்து அரபு நாடோடிகளைப் பாருங்கள். தண்ணீருக்கே திண்டாடும் நாட்டில், ஒட்டகப் பாலைக் குதிரைக்குக் கொடுத்து, தங்கள் கூடாரத்திலேயே அதற்கும் இடம் தந்து வளர்த்தார்கள். குதிரையின் குலத்தைத் தாய் வழியாகவே கணக்கிட்டார்கள். அவர்களுக்கு இருந்த அறிவு குதிரையோடு சேர்ந்து கப்பல் ஏறவில்லை. குதிரையை விலைக்கு வாங்கலாம். குதிரை வளர்ப்பை விலைக்கு வாங்க முடியாது.

இந்த அறிவை மதித்த அரசுகளும் உண்டு. இன்றைய துருக்கி நாட்டில் அன்று ஆண்ட இட்டைட்டு மன்னர்களின் தலைநகரில் களிமண் பலகைகள் பல கிடைத்தன. கி.மு. 14ஆம் நூற்றாண்டை ஒட்டி எழுதப்பட்ட அவற்றில், குதிரையை எப்படிப் பழக்க வேண்டும், எந்த நாளில் எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டும், எப்போது தண்ணீர் காட்ட வேண்டும், எப்போது குளிப்பாட்ட வேண்டும் என்ற விவரங்கள் நாள்வாரியாக உள்ளன. அவற்றைச் சொன்னவர் மித்தானி நாட்டைச் சேர்ந்த கிக்குலி என்னும் குதிரைப் பயிற்சியாளர். அவர் பெயர் அந்தப் பலகையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 3,300 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குதிரைக்காரரின் பெயர் அழியாமல் இருக்கிறது என்றால், அவர் சொன்னதை யாரோ ஒருவர் கேட்டு எழுதி வைத்ததுதான் காரணம்.

நம் நாட்டுப் பக்கமும் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். மோட்டார் வண்டி வருவதற்கு முன்னால் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குதிரை வண்டிகள் ஓடின. குதிரையைப் பார்த்துக்கொண்டவரை 'சைஸ்' என்று அழைத்தார்கள். அரபு மொழியிலிருந்து வந்த சொல் அது. சிங்கப்பூரில் அந்த வேலைக்குப் பேர்போனவர்கள் ஜாவாவுக்கு வடக்கே உள்ள பாவியான் தீவிலிருந்து வந்தவர்கள். குதிரைப் பந்தயச் சங்கம் 1842ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பட்டது. பந்தயத் திடல் முதலில் சிராங்கூன் சாலைப் பக்கம் இருந்தது. நம் தமிழர்கள் அதிகமாக நடமாடும் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அதனால்தான் அந்தப் பெயர். பிறகு பந்தயம் புக்கிட் தீமாவுக்கும், அங்கிருந்து கிராஞ்சிக்கும் போயிற்று. 2024 அக்டோபர் 5ஆம் நாள் சிங்கப்பூரின் கடைசிப் பந்தயம் நடந்து, 180 ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த வரலாறு முடிந்தது. வென்ற குதிரைகளின் பெயர்களும் உரிமையாளர்களின் பெயர்களும் பதிவேட்டில் உள்ளன. விடியுமுன் எழுந்து அவற்றைத் தேய்த்து, குளிப்பாட்டி, நடக்க வைத்த சைஸ்களில் எத்தனை பேருடைய பெயர் இருக்கும்?

நேயர்களே, இந்தக் கேள்வி குதிரையோடு நின்றுவிடுவதில்லை. தோட்டத்து லயங்களில் நம் பெரியவர்கள் மாடும் ஆடும் வளர்த்தார்கள். சினை மாட்டைப் பார்வையிலேயே அறிந்தார்கள். சீம்பாலின் அருமை அறிந்தார்கள். வயிறு உப்பிய மாட்டுக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று அறிந்தார்கள். அந்த அறிவு எந்தத் துரையின் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை. தோட்டம் கைமாறி, லயம் இடிந்து, பிள்ளைகள் பட்டணத்துக்குப் போனபின் அது அவர்களோடு மறைந்து போகக் கூடும்.

ஆகவே, ஒன்று செய்யலாம். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், பிள்ளைகள் இன்று இரவு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். "நீங்கள் எந்த மாட்டை வளர்த்தீர்கள்? அது எப்படிக் கன்று போட்டது? நோய் வந்தால் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். சொல்வதை ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். மேலே அவர்கள் பெயரையும் ஊரையும் எழுத மறவாதீர்கள். கிக்குலியின் பெயர் நிலைத்ததும் இப்படித்தான்.